பெயர் ஏறாத வாக்குகள்

மக்களவையில் ஓட்டுப் போட இரண்டு கையும் வேண்டும். இருக்கைக்கு முன்னால் மூன்று பொத்தான்கள்: ஆதரவுக்குப் பச்சை, எதிர்ப்புக்குச் சிவப்பு, இரண்டும் வேண்டாம் என்பவருக்கு மஞ்சள். அதில் ஒன்றை அழுத்தினால் மட்டும் வாக்கு விழாது. வாக்கைத் தொடக்கிவைக்கும் இன்னொரு விசையையும் மறு கையால் சேர்த்து அழுத்த வேண்டும். மணி அடித்ததும் அழுத்தினால் இரண்டாவது மணி அடிக்கும்வரை விரலை எடுக்கக் கூடாது. பக்கத்து இருக்கைக்காரர் டீ குடிக்கப் போயிருந்தால் அவருடைய பொத்தானையும் போகிற போக்கில் தட்டிவிடாமல் இருப்பதற்கான ஏற்பாடு.

அப்படியும் தவறுகிறது. விரல் வழுக்குகிறது, விளக்கு எரிவதில்லை, பச்சைக்குப் பதில் சிவப்பை அழுத்திவிட்டு உறுப்பினர் உதட்டைக் கடிக்கிறார். அதற்காகச் சீட்டும் உண்டு. 2024 டிசம்பர் 17 அன்று 'ஒரே நாடு ஒரே தேர்தல்' மசோதாவை அறிமுகப்படுத்த நடந்த வாக்கெடுப்பில் மின்பலகை காட்டியது 220க்கு 149. சீட்டுகளையும் எண்ணிக் கூட்டிய பிறகு அது 269க்கு 198 ஆனது. இப்படிப்பட்ட நாளின் அவைக் குறிப்பைப் புரட்டினால், பெயர்ப் பட்டியலுக்கு அடியில் யார் யார் சீட்டு மூலம் வாக்களித்தார்கள், யார் தவறாக அழுத்திவிட்டுச் சீட்டு மூலம் திருத்திக்கொண்டார்கள் என்று குறி போட்டு அச்சிட்டிருப்பார்கள். கல்யாண வீட்டு மொய் நோட்டில்கூட இவ்வளவு கவனம் இருக்காது.

இந்தக் கவனமெல்லாம் டிவிஷன் எனப்படும் இந்தப் பெயர் ஏறும் வாக்கெடுப்பு நடக்கிற நாளுக்குத்தான். அது எப்போதோ நடப்பது.

மற்ற நாட்களில் நடப்பது குரல் வாக்கெடுப்பு. சென்னைச் சட்டப்பேரவையில் 'ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க' என்று செந்தமிழில் சொல்வார்கள். டெல்லியில் பெரும்பாலும் இந்தியில். ஒரு பக்கமிருந்து 'ஆம்' என்று ஓர் இரைச்சல், இன்னொரு பக்கமிருந்து 'இல்லை' என்று ஓர் இரைச்சல். தலைவர் எந்த இரைச்சல் பெரிது என்று முடிவு செய்து, ஆம் என்றோர் வென்றார்கள் என்கிறார். முடிவை மறுத்து டிவிஷன் கேட்கலாம். கேட்டால் மூன்றரை நிமிடம் மணி அடித்து, தாழ்வாரக் கதவுகளைச் சாத்தி, மறுபடி கேள்வியை வைப்பார்கள். டிவிஷன் அநாவசியமாகக் கேட்கப்படுகிறது என்று மக்களவைத் தலைவர் கருதினால், எழுந்து நிற்கச் சொல்லித் தலைகளை எண்ணி முடித்துவிடவும் விதி இடம் தருகிறது. அப்போது எண்ணிக்கை கிடைக்கும், பெயர்கள் கிடைக்காது.

ஆக, தன் தொகுதியின் உறுப்பினர் ஐந்தாண்டில் எந்தச் சட்டத்துக்குக் கை தூக்கினார், எதை எதிர்த்தார் என்று தெரிந்துகொள்ளக் கிளம்பும் ஒரு வாக்காளர் சீக்கிரமே முட்டுச் சந்தில் போய் நிற்பார். டெல்லியிலுள்ள பிஆர்எஸ் அமைப்பு 2005 முதல் நாடாளுமன்றத்தைக் கணக்கெடுத்துவருகிறது. ஒவ்வோர் உறுப்பினருக்கும் அது வைத்திருக்கும் பேரேட்டில் வருகைச் சதவீதம், கலந்துகொண்ட விவாதங்கள், கேட்ட கேள்விகள், கொண்டுவந்த தனிநபர் மசோதாக்கள் என்று பத்திகள் இருக்கின்றன. எப்படி வாக்களித்தார் என்ற பத்தி இல்லை. அவர்கள் சோம்பலில் விட்டதல்ல. பெயரே ஏறாத வாக்கை எங்கே போய் எடுத்து எழுதுவது?

பெயர் ஏறுகிற நாளிலும் அந்த வாக்கு யாருடையது என்ற கேள்வி இருக்கிறது. 1967இல் ஹரியானாவில் கயா லால் என்ற சட்டமன்ற உறுப்பினர் இரண்டு வாரத்துக்குள் மூன்று தடவை கட்சி மாறினார். 'ஆயா ராம், கயா ராம்' என்ற சொலவடை அவரால் பிறந்தது. அந்த நோய்க்கு மருந்தாக 1985இல் ராஜீவ் காந்தி அரசு 52ஆவது திருத்தத்தின் வழியே அரசியல் சட்டத்தில் பத்தாவது அட்டவணையைச் சேர்த்தது. கட்சி தாவினால் பதவி போகும் என்பது அதன் முதல் பாதி. இரண்டாம் பாதியைப் பற்றிப் பேசுபவர் குறைவு. கட்சியின் உத்தரவுக்கு மாறாக வாக்களித்தாலும், முன் அனுமதி இல்லாமல் வாக்களிக்காமல் இருந்தாலும், பதினைந்து நாளுக்குள் கட்சி மன்னிக்காவிட்டால் பதவி போகும். ஆட்சியைக் காப்பாற்றும் நம்பிக்கை வாக்கெடுப்புக்கும் சாதாரண மசோதாவுக்கும் அங்கே வித்தியாசம் கிடையாது. தகுதி நீக்கத்தை நம்பிக்கை வாக்கெடுப்பு போன்றவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று 1990இல் தினேஷ் கோஸ்வாமி குழு சொன்னது. அது அறிக்கையோடு நின்றது. 2010இல் மணீஷ் திவாரி இதே நோக்கத்தில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அது அறிமுகத்தோடு நின்றது.

உத்தரவைக் கொடுப்பவருக்குத் தமிழில் கொறடா என்று பெயர். கொறடா என்றால் சாட்டை. ஆங்கிலேயர் வேட்டை நாய்களை ஒழுங்குக்குக் கொண்டுவரும் ஆளின் பெயரிலிருந்து எடுத்த சொல்லில் நம்மவர்கள் நாயை விட்டுவிட்டுச் சாட்டையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். சொல் வெகு பொருத்தமாக அமைந்துவிட்டது. 2025 ஏப்ரலில் வக்ஃப் திருத்த மசோதா மாநிலங்களவைக்கு வந்தபோது பிஜு ஜனதா தளம் தன் உறுப்பினர்கள் மனசாட்சிப்படி வாக்களிக்கலாம் என்று சொல்லிவிட்டது. மனசாட்சியை அவிழ்த்துவிட்டதே செய்தியானது. ஒடிசாவில் கட்சிக்குள் யாரைக் கேட்டு இப்படிச் சொன்னார்கள் என்று சண்டையும் வந்தது.

இந்த முறையை நாம் எங்கிருந்து எடுத்தோமோ அந்த லண்டனில் கதை வேறு. அங்கே பொத்தான் கிடையாது. மணி அடித்தால் எட்டு நிமிடத்துக்குள் உறுப்பினர்கள் எழுந்து, ஆதரிப்பவர் ஒரு தாழ்வாரத்துக்கும் எதிர்ப்பவர் இன்னொரு தாழ்வாரத்துக்குமாக நடந்து போக வேண்டும். யார் எந்தப் பக்கம் நடந்தார் என்ற பட்டியலை 1836 முதல் அவையே அச்சிட்டு வெளியிடுகிறது. கொறடா அங்கும் உண்டு. ஆனால் அவர் கண்ணை உருட்டலாம், பதவி தராமல் இருக்கலாம், கட்சியைவிட்டே விலக்கலாம். உறுப்பினர் பதவியைப் பறிக்க முடியாது. 2003 மார்ச் 18 அன்று இராக் போர் பற்றிய வாக்கெடுப்பில் டோனி பிளேரின் சொந்தக் கட்சிக்காரர்கள் 139 பேர் அவரை எதிர்த்து நடந்தார்கள். இந்தியாவில் அப்படி நடந்தால் 139 இடைத்தேர்தல் வரும். ஜெரமி கார்பின் 1997க்கும் 2010க்கும் இடையில் ஆளுங்கட்சி உறுப்பினராக இருந்துகொண்டே தன் கட்சியை எதிர்த்து 400 தடவைக்கு மேல் வாக்களித்தார். 2015இல் அவரையே கட்சித் தலைவராக்கினார்கள். கட்டுப்பாடாக இருங்கள் என்று மற்றவர்களிடம் அவர் எந்த முகத்தோடு சொல்லியிருப்பார் என்பது தனிக் கதை.

வாக்களிக்காமல் இருப்பதையும் அவர்கள் நடந்து வந்து செய்வார்கள். 1979 மார்ச் 28 அன்று ஜேம்ஸ் காலகன் அரசு நம்பிக்கை இழந்தது 311க்கு 310 என்ற கணக்கில், ஒரே ஒரு வாக்கில். வட அயர்லாந்தின் சுயேச்சை உறுப்பினர் ஃபிராங்க் மக்வயர் அன்றைக்கு லண்டன் வரை வந்தார். நேரில் வந்து வாக்களிக்காமல் இருப்பதற்காகவே வந்ததாகச் சொன்னார். தமிழ்நாட்டு வாசகருக்கு இதைக் கேட்டால் சிரிப்பு வரும். உடனே ஒன்று நினைவுக்கும் வரும். நம்மிடம் அதற்கு வெளிநடப்பு என்று பெயர்.

வெளிநடப்பும் ஒரு வாக்குத்தான் என்பதற்கு 2019 ஜூலையைப் பார்த்தால் போதும். முத்தலாக் மசோதா ஜூலை 25 அன்று மக்களவைக்கு வந்தது. அங்கே அதிமுகவுக்கு இருந்தது ஒரே உறுப்பினர், தேனியின் ப. ரவீந்திரநாத். அவர் மசோதாவை ஆதரித்துப் பேசினார். ஐந்து நாள் கழித்து, ஜூலை 30 அன்று, அதே மசோதா மாநிலங்களவைக்குப் போனது. அங்கே அதிமுகவின் நவநீதகிருஷ்ணன் அதை எதிர்த்துப் பேசினார், தேர்வுக் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்றார். பேசி முடித்து, வாக்கெடுப்பு வந்தபோது கட்சி அவையில் இல்லை. எதிர்த்துப் பேசிய ஐக்கிய ஜனதா தளமும் இல்லை. மசோதா 99க்கு 84 என்று நிறைவேறியது. வித்தியாசம் 15. அதிமுகவுக்கு அப்போது 11 பேர், ஐக்கிய ஜனதா தளத்துக்கு 6 பேர். எதிர்த்துப் பேசிய இந்த 17 பேரும் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து சிவப்புப் பொத்தானை அழுத்தியிருந்தால் கணக்கு 99க்கு 101. நவநீதகிருஷ்ணனின் பேச்சு அவைக் குறிப்பில் இருக்கிறது. ரவீந்திரநாத்தின் பேச்சும் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பவர் அந்தக் கட்சியின் நிலை என்ன என்று கேட்டால் யாரும் பதில் சொல்ல முடியாது. அதன் விளைவு என்ன என்று கேட்டால் 99க்கு 84 என்று சொல்லலாம்.

அதே ஆண்டு டிசம்பரில் குடியுரிமைத் திருத்த மசோதா. இம்முறை அதிமுக எழுந்து போகவில்லை. மாநிலங்களவையில் 125க்கு 105. அந்த 125இல் அதிமுகவின் 11 பேரும் அடக்கம். அந்தப் பதினொன்றையும் எதிர்ப்பக்கம் போட்டுப் பார்த்தால் 114க்கு 116. 2021 சட்டமன்றத் தேர்தல் அறிக்கையில் அதே கட்சி, குடியுரிமைத் திருத்தச் சட்டத்தைக் கைவிடும்படி மத்திய அரசை வலியுறுத்துவோம் என்று எழுதியது. இப்படிப்பட்ட சமயத்தில்தான் பெயர்ப் பட்டியலின் அருமை தெரிகிறது. டிவிஷன் கேட்டு, மணி அடித்து, பொத்தான் அழுத்திப் பெயர் ஏறியதால்தான் அந்தப் பதினொன்றைப் பற்றி இன்றைக்கும் பேச முடிகிறது. குரல் வாக்காக முடிந்திருந்தால் தேர்தல் அறிக்கைக்கு எதிரே வைக்க ஒன்றுமே இருந்திருக்காது.

ஒற்றை வாக்குகளுக்கு இந்திய நாடாளுமன்றத்தில் தனிப் புராணமே உண்டு. எல்லோருக்கும் தெரிந்தது 1999 ஏப்ரல் 17. ஜெயலலிதா ஆதரவை விலக்கிக்கொண்ட பிறகு வாஜ்பாய் நம்பிக்கை கோரினார். கிரிதர் கமாங் பிப்ரவரியிலேயே ஒரிசாவின் முதலமைச்சர் ஆகியிருந்தார், ஆனால் கோராபுட் மக்களவை இடத்திலிருந்து விலகியிருக்கவில்லை. முதலமைச்சர் வந்து மக்களவையில் வாக்களிக்கலாமா என்று கேள்வி எழுந்தபோது, அவைத் தலைவர் பாலயோகி அதை அவர் மனசாட்சிக்கு விட்டார். கமாங்கின் மனசாட்சி காங்கிரஸ் பக்கம் இருந்ததில் யாருக்கும் ஆச்சரியமில்லை. காஷ்மீரின் சைஃபுதீன் சோஸ் தன் கட்சியான தேசிய மாநாட்டின் உத்தரவை மீறி அரசை எதிர்த்தார். கட்சி அவரை விலக்கியது. 269க்கு 270. அரசைக் கவிழ்த்த அந்த ஒரு வாக்கு யாருடையது என்று இன்றைக்கும் வாதிடுகிறார்கள். 270 பேரில் யாரை வேண்டுமானாலும் சொல்லலாம்தான். கமாங்கைச் சொல்வது எளிதாக இருக்கிறது.

அதைவிட நுட்பமான ஒன்று 1970 செப்டம்பர் 5 அன்று நடந்தது. முன்னாள் மன்னர்களுக்குக் கொடுத்துவந்த மானியத்தை நிறுத்தும் அரசியல் சட்டத் திருத்தம் மக்களவையைத் தாண்டி மாநிலங்களவைக்கு வந்தது. ஆதரவு 149, எதிர்ப்பு 75. மொத்தம் 224. மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், அதாவது 149.33. இந்திரா காந்தியின் அரசு மூன்றில் ஒரு வாக்கில் தோற்றது. மனிதரை மூன்றாகப் பிளந்து எண்ண முடியாது என்பதால் மன்னர்களுக்கு இன்னும் ஓராண்டு மானியம் கிடைத்தது. 1971இல் 26ஆவது திருத்தமாக அது நிறைவேறியது.

வாக்குக்கு விலை இருக்கிறது என்பது இப்படிப்பட்ட நாட்களில்தான் தெரியும். 1993 ஜூலையில் நரசிம்ம ராவ் மீதான நம்பிக்கையில்லாத் தீர்மானம் 251க்கு 265 என்று தோற்றது. ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சா உறுப்பினர்கள் அரசைக் காப்பாற்றப் பணம் வாங்கினார்கள் என்று வழக்கு வந்தது. 1998இல் உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது. அவையில் போட்ட வாக்குக்காக எந்த உறுப்பினரையும் நீதிமன்றத்தில் நிறுத்த முடியாது என்கிறது அரசியல் சட்டத்தின் 105ஆவது பிரிவு. ஆகவே பணம் வாங்கிக்கொண்டு, வாங்கியபடி வாக்களித்தவருக்குப் பாதுகாப்பு உண்டு. பணம் வாங்கியதாகச் சொல்லப்பட்டு, வாக்களிக்காமல் இருந்துவிட்டவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. கூலி வாங்கினால் வேலை செய்ய வேண்டும் என்பதுபோல் ஒலிக்கும் இந்தச் சட்ட நிலை இருபத்தாறு ஆண்டுகள் நாட்டில் இருந்தது. 2024 மார்ச் 4 அன்று ஏழு நீதிபதிகள் அமர்வு அதைத் தவறு என்று தள்ளியது. அந்த வழக்குக்குக் காரணமானவர் சீதா சோரன். 1993இல் குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவரான சிபு சோரனின் மருமகள்.

வாக்கு இப்படிக் கொறடாவுக்கும் இரைச்சலுக்கும் போய்விட்டால் உறுப்பினருக்கென்று மிஞ்சுவது என்ன? கேள்வி.

மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகள், 230 நட்சத்திரமில்லாக் கேள்விகள். நட்சத்திரம் போட்டதற்கு அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும். துணைக் கேள்வியும் கேட்கலாம். நட்சத்திரம் இல்லாததற்கு எழுத்தில் பதில். யாருடைய கேள்வி வரும் என்பது குலுக்கலில் விழுவது. கேள்விக்கு (அ), (ஆ), (இ) என்று உட்பிரிவுகள் இருக்கும். பதில்கள் வரும் நடையைப் பழகியவர்கள் அதன் இலக்கணத்தைச் சொல்வார்கள். 'தகவல் திரட்டப்பட்டு வருகிறது. அவை முன் வைக்கப்படும்' என்று வந்தால் அது வாக்குறுதிக் கணக்கில் ஏறும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், இல்லையென்றால் அதற்கென்றே இருக்கும் குழு விரட்டும். அமைச்சகங்கள் இந்த வாக்கியத்தைத் தவிர்க்கப் படும் பாடு அதனால்தான். 'அப்படிப்பட்ட தரவு பராமரிக்கப்படவில்லை' என்றுவிட்டால் எந்தக் குழுவும் விரட்டாது.

2020 செப்டம்பர் 14 அன்று அந்த வாக்கியம் வந்தது. பொது முடக்கத்தில் ஊர் திரும்பும் வழியில் இறந்த புலம்பெயர் தொழிலாளர் எத்தனை பேர் என்று கேட்டிருந்தார்கள். தொழிலாளர் அமைச்சகம் அப்படிப்பட்ட தரவு பராமரிக்கப்படவில்லை என்றது. குடும்பங்களுக்கு இழப்பீடு உண்டா என்ற அடுத்த உட்பிரிவுக்கு, மேற்சொன்னதைப் பார்க்கையில் கேள்வி எழவில்லை என்றது. அந்தக் கூட்டத்தொடரில் தொற்றைக் காரணம் காட்டிக் கேள்வி நேரமே கிடையாது. எழுத்துக் கேள்விகள் மட்டும். துணைக் கேள்வி கேட்க யாரும் எழ முடியாது. என்றாலும் அந்த வெற்றுப் பதில் மறுநாள் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. அரசுக்கு அதன் மக்களைப் பற்றி என்ன தெரியாது என்பதை அரசின் கையெழுத்திலேயே வாங்கிக் கொடுத்தது ஒரு நட்சத்திரமில்லாக் கேள்வி.

கேள்வியின் பலத்தைத் தமிழர் ஒருவரின் பதவியை வைத்தே அளக்கலாம். புதிதாகப் பிறந்த ஆயுள் காப்பீட்டுக் கழகம், கல்கத்தாத் தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு நிறுவனங்களில் 1.24 கோடி ரூபாய்க்குப் பங்கு வாங்கியது. 1957 டிசம்பர் 16 அன்று மக்களவையில் எழுந்து அதைக் குடைந்தவர் ரேபரேலி உறுப்பினர் பெரோஸ் காந்தி. ஆளுங்கட்சிக்காரர், பிரதமர் நேருவின் மருமகன். நீதிபதி சாக்ளா தலைமையில் விசாரணை நடந்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி விலகினார். பெரோஸ் காந்தி தன் கட்சிக்கு எதிராக ஒரு வாக்கும் போட வேண்டியிருக்கவில்லை. முந்த்ரா விவகாரத்துக்கு முந்தைய ஆண்டிலேயே அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதா ஒன்று சட்டமாகியிருந்தது: அவை நடவடிக்கைகளைப் பத்திரிகைகள் நேர்மையாக வெளியிட்டால் வழக்குத் தொடர முடியாது என்பது. நெருக்கடி நிலையின்போது அந்தச் சட்டத்தை ரத்து செய்த அரசுக்குத் தலைமை தாங்கியவர் அவருடைய மனைவி. 1977இல் ஜனதா அரசு அதைத் திரும்பக் கொண்டுவந்தது.

வருகைச் சதவீதத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வருகையைப் பதிந்தால் நாள்படி. பதிந்தவர் உள்ளே எவ்வளவு நேரம் இருந்தார் என்பதை எந்தப் பதிவேடும் கேட்பதில்லை. அமைச்சர்களும் எதிர்க்கட்சித் தலைவரும் வருகையைப் பதியவே வேண்டியதில்லை. சச்சின் டெண்டுல்கர் ஆறு ஆண்டு மாநிலங்களவையில் இருந்து 22 கேள்வி கேட்டார். வந்த நாட்கள் பத்தில் ஒன்றுகூடத் தேறாது. திட்டாத பத்திரிகை இல்லை. ஆனால் அவர் வந்த ஒரு நாளையும் சொல்ல வேண்டும். 2017 டிசம்பர் 21 அன்று, விளையாடும் உரிமை பற்றித் தன் முதல் உரையை நிகழ்த்த எழுந்தார். அவையில் வேறு விஷயத்துக்காகக் கூச்சல். சுமார் பத்து நிமிடம் நின்றுகொண்டே இருந்தார். ஒரு வார்த்தை பேச முடியவில்லை. மறுநாள் அந்த உரையை முகநூலில் காணொளியாகப் போட்டார்.

கடைசியாக ஓர் உறுப்பினரின் பதிவிலிருந்து இரண்டு நாட்களை மட்டும் எடுத்து அருகில் வைத்துப் பார்க்கலாம். திருச்சி சிவா, மாநிலங்களவை, திமுக.

வெள்ளிக்கிழமைப் பிற்பகல் இரண்டரை மணி நேரம் தனிநபர் மசோதாக்களுக்கு. ஊருக்குப் போக விமானம் பிடிக்கும் நேரம் அது. அவை காலியாக இருக்கும். அந்த மசோதாக்களுக்கு ஒரு சடங்கு உண்டு. உறுப்பினர் கொண்டுவருவார், நாலைந்து பேர் பேசுவார்கள், அமைச்சர் எழுந்து, 'உறுப்பினரின் அக்கறையைப் பாராட்டுகிறோம், அரசே கவனித்துக்கொள்ளும், திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்' என்பார், உறுப்பினர் திரும்பப் பெறுவார். 1952இலிருந்து சட்டமான தனிநபர் மசோதாக்கள் மொத்தம் பதினான்கு. கடைசியானது 1970இல். 2015 ஏப்ரல் 24 வெள்ளிக்கிழமை, திருநர் உரிமைகளுக்கான சிவாவின் மசோதா வந்தது. அமைச்சர் தாவர்சந்த் கெலாட் வழக்கம்போல் திரும்பப் பெறச் சொன்னார். சிவா மறுத்தார், வாக்கெடுப்பு வேண்டும் என்றார். இந்த விஷயத்தில் அவை பிளவுபட்டு நிற்கக் கூடாது என்று ஆளுங்கட்சியும் இறங்கிவந்தது. மசோதா குரல் வாக்கில் நிறைவேறியது. பல பத்தாண்டுகளில் ஓர் அவையைத் தாண்டிய முதல் தனிநபர் மசோதா. அது மக்களவையைத் தாண்டவில்லை. பிறகு 2019இல் அரசே வேறொரு சட்டம் கொண்டுவந்தது. அதைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பக் கேட்டவர்களில் சிவாவும் இருந்தார், நடக்கவில்லை. 2015இன் அந்தப் பிற்பகலில் அவரை ஜெயிக்கவைத்தது குரல்தான். மறுத்துச் சொல்ல ஒரு வாய்கூட இல்லாத அவையில் குரல் வாக்கு அழகாகவே இருக்கும்.

இரண்டாவது நாள் 2020 செப்டம்பர் 20, ஞாயிற்றுக்கிழமை. இரண்டு வேளாண் மசோதாக்கள் மக்களவையில் குரல் வாக்கில் நிறைவேறி மாநிலங்களவைக்கு வந்திருந்தன. தேர்வுக் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்று சிவா உட்படச் சிலர் தீர்மானம் கொடுத்து, டிவிஷன் கேட்டார்கள். நாற்காலியில் துணைத் தலைவர் ஹரிவன்ஷ். அவையில் கூச்சல், விதிப் புத்தகம் பறந்தது, தொலைக்காட்சியில் ஒலி நின்றது. மசோதாக்கள் குரல் வாக்கில் நிறைவேறியதாக அறிவிக்கப்பட்டது. மறுநாள் எட்டு உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். கேட்டவர்கள் தங்கள் இருக்கையில் இல்லை, அவையும் ஒழுங்கில் இல்லை, அதனால் டிவிஷன் தர முடியவில்லை என்றார் ஹரிவன்ஷ். சிவா தன் இருக்கையில் நின்றுகொண்டுதான் கேட்டார் என்று காணொளியைக் காட்டினார்கள். அன்றைக்கு அரசுக்குப் பெரும்பான்மை இருந்திருக்கலாம், ஐந்தாறு பேர் குறைந்திருக்கலாம். எண்ணவில்லை, ஆகவே தெரியாது.

ஓராண்டு கழித்து, அவற்றை எதிர்த்து டெல்லி எல்லையில் விவசாயிகள் ஒரு பனிக்காலமும் ஒரு கோடையும் உட்கார்ந்திருந்த பிறகு, 2021 நவம்பர் 29 அன்று அந்தச் சட்டங்களைத் திரும்பப் பெறும் மசோதா வந்தது. இரண்டு அவையிலும் விவாதம் கேட்டார்கள், கிடைக்கவில்லை. சில நிமிடங்களில் முடிந்தது. அதுவும் குரல் வாக்குத்தான். முந்தின ஆண்டு 'ஆம்' என்றவர்களே இந்த ஆண்டு அதை நீக்குவதற்கும் 'ஆம்' என்றிருக்க வேண்டும். யார் யார் என்று அவைக் குறிப்பில் தேடினால் இரண்டு நாளுக்கும் பெயர்ப் பட்டியல் கிடையாது, தீர்மானம் ஏற்கப்பட்டது என்ற வரி மட்டும் இருக்கிறது.